இட்லிப் பானை ஊசி

2021 மே மாசம். நான் மெல்போர்னில், அப்பா பெங்களூர் ஆஸ்டின் டவுனில். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வந்தால், சொந்தக் குடிமகனாகவே இருந்தாலும் 5 வருஷம் வரை ஜெயில் என்று மே 3 முதல் 15 வரை ஒரு உத்தரவு அமலில் இருந்தது. ஊருக்குப் போவதும் கஷ்டம், போனால் திரும்புவதும் கஷ்டம். போன்தான் கதி.

"ஊசி போட்டாச்சாப்பா?"

"க்யூல நின்னேன்டா. ஸ்டாக் இல்லன்னு அனுப்பிட்டாங்க."

அப்பா நின்ற அந்தக் க்யூவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில்தான் டாடா இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. ஐ.ஐ.எஸ்.சி. என்றால் எங்கள் ஏரியா பெரிசுகளுக்குப் புரியாது. அங்கே நடந்த கதை எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் என்று ஒரு துறை. 1971-இல் ஆரம்பித்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். அதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். புரதச் சங்கிலி இஷ்டத்துக்கு வளையாது, அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும், ஆகவே சில கோணங்கள்தான் சாத்தியம் என்று 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். இன்றைக்கும் உலகத்தில் எவர் புதுப் புரத வடிவம் கண்டுபிடித்தாலும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நோபல் கொடுக்கவில்லை. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் உண்டு.

சரி, 2020-க்கு வருவோம். மார்ச்சில் ஊரடங்கு, ஹாஸ்டல் காலி. அந்தத் துறையின் ராகவன் வரதராஜன் குழு அதற்கு முன்பே வருஷக்கணக்காக ஃப்ளூ, எச்.ஐ.வி. தடுப்பூசிகளுக்கான புரதங்களில் வேலை செய்துகொண்டிருந்தது. திடீரென்று கொரோனா வந்ததும் கை தயாராக இருந்ததற்குக் காரணம் அதுதான். அங்கேயே முளைத்த மைன்வாக்ஸ் கம்பெனியும் கூட இருந்தது.

வைரஸின் முள் புரதத்தில் 1273 அமினோ அமிலங்கள். இவர்கள் எடுத்தது நம் செல்லைப் பற்றிக்கொள்கிற சுமார் 200 மட்டும். சின்னது, இறுக்கமாக மடிந்தது. ஈரத்தை எடுத்துப் பொடியாக்கினால் 37 டிகிரியில் ஒரு மாசம் தாங்கியது. 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம்! இட்லி வேகும் சூடுங்க அது. அப்போது ஃபைசர் ஊசிக்கு மைனஸ் 70, கோவிஷீல்டுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். கரண்ட் போகிற ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பெங்களூருக்கு இது முதல் கொள்ளைநோய் அல்ல. 1898-இல் பிளேக் வந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில், ஒரு அறையையும் தாழ்வாரத்தையும் வைத்துக்கொண்டு ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசி செய்து தனக்கே குத்திக்கொண்டார். பிறகு ஜனங்களுக்கும் போட்டார்கள். 2020-களில் விதிகள் வேறு, பரிசோதனை, பணம் எல்லாம் நீளம். இந்தச் சூடு தாங்கும் ஊசி 2021-இல் யார் கைக்கும் வரவில்லை. அவசரத்தில் குத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

இன்னொன்று. இந்த மருந்து போட்ட எலிகளின் சீரத்தைச் சோதித்தது எங்கே தெரியுமா? என் வீட்டிலிருந்து ஒரு மணி நேர டிரைவில், ஜீலாங் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வகத்தில். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா எல்லாவற்றுக்கும் எதிராக வேலை செய்கிறது என்று 2021 ஜூலையில் அறிவித்தார்கள்.

அப்பாவுக்கு ஜூனில் கோவிஷீல்ட் கிடைத்தது. அடுத்த வருஷம் நான் ஊருக்குப் போனபோது இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"அந்த இட்லிப் பானை ஊசி எப்படா வரும்?"