தடையற்ற கட்டிடச் சூழல்

தடையற்ற கட்டிடச் சூழல் என்பது மாற்றுத்திறனாளிகள் ஒரு கட்டிடத்தினுள் தாமாகவே நுழைந்து, நடமாடி, அங்குள்ள சேவைகளைப் பெற்று, பாதுகாப்பாக வெளியேறும் வகையில் அதனை அமைத்தலைக் குறிக்கும். வாசற்படியைக் கடக்க இயலாதவருக்கு உள்ளே கிடைக்கும் சேவை இல்லாததற்கு ஒப்பாகும். எனவே பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், வாக்குச்சாவடி போன்ற இடங்களில் இது உரிமையாகக் கருதப்படுகிறது.

அளவுகள்

படிகளுக்கு மாற்றாக அமைவது சாய்தளம் ஆகும். இதன் சரிவு பொதுவாக 1:12 என்ற விகிதத்தை மிஞ்சலாகாது. அதாவது 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் வேண்டும். 15 செ.மீ உயரமுள்ள மூன்று படிகளைக் கடக்க 5.4 மீட்டர் நீளமான சாய்தளம் தேவை. இடமில்லை என்று இதனை இரண்டு மீட்டரில் முடித்துவிடுவதும் உண்டு. அத்தகைய செங்குத்தான சரிவில் சக்கர நாற்காலியைத் தாமே உருட்டி ஏறுவது மிகக் கடினம். இறங்கும்போது நாற்காலி கவிழவும் கூடும். அது சாய்தளம் என்ற பெயருக்கு மட்டுமே உரியது.

கழிவறையில் சக்கர நாற்காலி முழுமையாகத் திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். கதவு உட்புறமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவரே அதனை அடைத்துக் கிடப்பார். ஆகவே வெளிப்புறமாகத் திறக்கும் கதவு அல்லது நகர்த்து கதவு பொருத்தப்படுகிறது.

பார்வையற்றோருக்கான தொடுதளத்தை சப்பானியரான செய்யிச்சி மியாக்கே 1965 இல் உருவாக்கினார். அது 1967 இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. இத்தளத்தில் நீள்கோடுகள் செல்லும் திசையையும், புள்ளிகள் எச்சரிக்கையையும் உணர்த்தும்.

இந்தியச் சட்டம்

1995 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வசதிகளை அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டவையாக வைத்தது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நிலையை மாற்றியது. விதிகளைப் பின்பற்றாத கட்டிடத்திற்கு அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ வழங்கலாகாது என்றும், ஏற்கனவே உள்ள பொதுக் கட்டிடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் சீரமைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. விதிகள் 2017 சூனில் வெளியானமையால் அக்கெடு 2022 இல் முடிந்தது.

எனினும் அவ்விதிகளில் 15(1) ஆவது விதி குறிப்பிட்ட வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் பரிந்துரை வடிவிலேயே இருந்தன. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி 2005 இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இவ்விதி மூலச் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளை வகுக்குமாறும் ஒன்றிய அரசைப் பணித்தது.