மீள்செயலும் நோய்ப்பெயரும்: ஒரு வரலாற்று நோக்கு

ஓட்டிசம் பற்றிய ஆய்வுக்கு வழிவகுத்தது 1943 ஆம் ஆண்டில் லியோ கானர் அமெரிக்காவில் வெளியிட்ட கட்டுரையாகும். தாம் கண்ட 11 குழந்தைகள் சூழலின் சிறு மாற்றத்தையும் பொறாதிருந்தமையை விளக்குமிடத்து, எண்ணச் சுழற்சி நோய்க்கென மருத்துவர் வழங்கிவந்த சொல்லையே அவர் எடுத்தாண்டார். பியர் ஜனே 1903 இல் பெருநூலாக ஆராய்ந்த நோய் அது. இரவல் வாங்கிய அச்சொல்லே பிற்கால மயக்கத்துக்கு வித்திட்டது என நாம் கருதுகிறோம்.

செயலை மட்டும் நோக்கின் இரண்டும் ஒன்றெனவே தோன்றும். வெள்ளவத்தையில் ஒரு சிறுவன் கரையோரப் புகையிரதங்களின் நேரங்களை நாள்முழுதும் ஒப்புவிக்கிறான், தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குகிறான் என்று கொள்வோம். கொட்டாஞ்சேனையில் ஓர் இளைஞன் வழிபாட்டின்போது தெய்வநிந்தனையான எண்ணம் எழ, அதனைப் போக்குதற்குக் குறித்த தடவைகள் கைகழுவுகிறான் என்று கொள்வோம். முன்னவனுக்கு அச்செயல் பெரும்பாலும் இன்பமும் ஆறுதலுமாகும்; பிறர் தடுக்கும்போதே அவன் துன்புறுகிறான். பின்னவனோ தன் எண்ணத்தைத் தானே வெறுக்கிறான். அச்சம் தணியவே கழுவுகிறான். சற்றுநேரத்தில் அச்சம் மீள்கிறது. (எல்லை எப்போதும் இத்துணைத் தெளிவாயிராது; ஒருவரிடத்தே இரண்டும் சேர்ந்திருத்தலும் உண்டு.)

1995 இல் மக்டூகல் முதலியோர் பிரிவுக்கு 50 பேராக வளர்ந்தோரை ஒப்பிட்டனர். கழுவுதல், சரிபார்த்தல், எண்ணுதல் ஆகியன ஓட்டிசமுடையோரிடம் குறைவாகவும், அடுக்குதல், தொடுதல், தட்டுதல் ஆகியன மிகுதியாகவும் காணப்பட்டன. பெயர் எதுவாயினும் என்ன என்பார்க்கு 2009 இல் வெளியான பிறிதோர் ஆய்வு விடையாகும். எண்ணச் சுழற்சி நோய்க்கு வழங்கும் மருந்து வகையைச் சேர்ந்த சிட்டலோபிராம், ஓட்டிசமுடைய 149 சிறுவர் பங்குகொண்ட ஆய்விற் பரிசோதிக்கப்பட்டது. மீள்செயல்களைக் குறைப்பதில் அது வெற்று மாத்திரையிலும் மேம்பட்டதாயில்லை, பக்கவிளைவுகளோ மிகுந்தன.

இலங்கையிலே ஹேமமாலி பெரேரா முதலியோர் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாதக் குழந்தைகளுள் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. ஆயின் நமது கவனம் பிறிதொன்றிற் செல்கிறது. இருநிலைகளையும் பிரித்தறிய உதவும் வினாக்களுள் முதன்மையானது, “இதைச் செய்யாவிடின் என்ன நேருமென அஞ்சுகிறீர்?” என்பதே. அதனைத் தாய்மொழியிற் கேட்டல் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும் நடைமுறையில், வெள்ளவத்தையிற் பணமுள்ளோர் தமிழறிந்த வைத்தியரைத் தனியே நாடலாம்; துறைமுகத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அது எளிதன்று. தமிழறியா வைத்தியர் முன் தாயே மொழிபெயர்ப்பாளராக அமருமிடத்து, அந்தக் கொட்டாஞ்சேனை இளைஞன் தன் தெய்வநிந்தனை எண்ணத்தை எங்ஙனம் வாய்விட்டுரைப்பான்? கைகழுவுதல் மட்டுமே குறிப்பேட்டிற் பதிவாகும்.