புன்னைக்காயல்: ஆறு நகர்த்திய துறைமுகம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். திருச்செந்தூர் சாலையில் செல்லும் பயணிகள் அநேகமாகக் கவனிக்காமல் கடந்துவிடும் மீனவச் சிற்றூர். முத்துக்குளித்துறையின் வரலாற்றை எழுதுவோர் கொற்கை, காயல், புன்னைக்காயல் என்று மூன்று ஊர்களைத் தனித்தனியே குறிப்பிடுவதுண்டு. இம்மூன்றையும் ஒரே துறைமுகத்தின் மூன்று இருப்பிடங்களாகக் காண்பதே பொருத்தம் எனத் தோன்றுகிறது.

முதல் இருப்பிடம் கொற்கை. சங்கப் பாடல்கள் அதன் முத்தைப் பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல், பாண்டியருக்குரிய இத்துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக்குளித்தனர் என்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே 1968-69இலும் மீண்டும் 2021இலும் அகழாய்வு நடத்தியது. இன்று கொற்கையில் கடல் இல்லை; வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே உள்நாட்டு ஊராக அது நிற்கிறது.

காரணம் ஆறுதான். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தில் படிந்து, நிலம் கிழக்கே வளர்ந்தது. கப்பல் வணிகம் கடலைத் தொடர்ந்து நகர்ந்து காயலில் நிலைகொண்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு வந்த மரக்கலங்கள் காயலைத் தொட்டதை எழுதிவைத்தார். பழையகாயலே அந்தக் காயல் என்று வாதிட்டவர் பிஷப் கால்டுவெல். அவ்வூரைச் சுற்றிச் சீனப் பீங்கான் ஓடுகளையும் அரபு நாட்டு மட்கல ஓடுகளையும் கண்டு, 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் அவர் பதிவு செய்தார். அதற்குள் காயலும் கொற்கையின் வழியே சென்றிருந்தது. ‘பழைய’ என்ற அடைமொழியே அந்த இடப்பெயர்ச்சிக்குச் சாட்சி.

அடுத்த இருப்பிடம் புன்னைக்காயல். பரதவர் 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவிய பின், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் இவ்வூர் இக்கரையின் முக்கிய மையமாயிற்று. 1540களின் இறுதியில் இங்கு வந்த சேசு சபைத் துறவி அன்றீக் அன்றீக்கசு அரை நூற்றாண்டுக் காலம் இக்கடற்கரையில் வாழ்ந்தார். பரதவரின் பேச்சைக் கேட்டுத் தமிழ் கற்று, போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். கையெழுத்துப் படியாகவே கிடந்த அது 1982இல்தான் அச்சேறியது.

அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறு பக்கங்களே கொண்ட அதுவே இந்திய எழுத்தில் அச்சாகி இன்று எஞ்சியிருக்கும் நூல்களில் பழையது. 1586இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. அறுநூறு பக்கங்களைத் தாண்டும் இப்பெருநூல் புன்னைக்காயலில் அச்சிடப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. தமிழ் அச்சு என்றதும் நாம் தரங்கம்பாடியை நினைக்கிறோம். சீகன்பால்குவின் அச்சகம் அங்கே இயங்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில். அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டு முன்பே, முத்துக்குளிப்போர் செவிமடுப்பதற்காக எழுதப்பட்ட உரைநடை அச்சேறிவிட்டது. புலவர் அவையை நோக்காத அந்த உரைநடையில் கடற்கரைப் பேச்சின் சாயல் படிந்திருக்கிறது. அதன் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது, சே. இராசமாணிக்கம் 1967இல் அதை மீண்டும் பதிப்பித்தார்.

புன்னைக்காயலின் முதன்மையும் நீடிக்கவில்லை. ஆழமான கடலும் காவலான நங்கூரத்துறையும் கொண்ட தூத்துக்குடி மேலெழுந்தது. 1600இல் புன்னைக்காயலில் இறந்த அன்றீக்கசின் உடலும் தூத்துக்குடியில்தான் அடக்கம் செய்யப்பட்டது. 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றியதும் அந்நகரையே. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

கொற்கைக்கு அகழாய்வு உண்டு, காயலுக்கு மார்க்கோ போலோ உண்டு. புன்னைக்காயலுக்கு ஒரு புத்தகம் உண்டு. துறைமுகங்களை வண்டல் மூடிவிட்டது. காகிதத்தில் பதிந்த பேச்சை அதனால் மூட இயலவில்லை. தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் தம் முதல் அத்தியாயத்தை இந்த முகத்துவாரத்திலிருந்து தொடங்குவதே நியாயம்.