ஒப்பந்தமும் உறைவிடமும்: நகர நட்புறவுக்குச் சிங்கப்பூர் தரும் சான்று

1979 நவம்பரில் சீனாவின் நான்ஜிங்கும் அமெரிக்காவின் செயின்ட் லூயிசும் சகோதர நகரங்களாயின. இரு நாடுகளும் தூதரக உறவு பூண்ட அதே ஆண்டில் கையெழுத்தான இவ்வுடன்பாடு, சீன, அமெரிக்க நகரங்களுக்கிடையே முதலாவது. சென்னைக்கும் இத்தகைய உறவுகள் உண்டு: 1960களில் வோல்கோகிராட், 1984இல் டென்வர், 2008இல் சான் அன்டோனியோ. டென்வரோடு உறவு தொடங்கி நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. அதனால் சென்னையின் எந்தத் தெருவில் என்ன மாறிற்று என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

நகரங்களுக்கிடையிலான நட்பு கையெழுத்தால் நிலைப்பதில்லை. கடல் கடந்து வந்தவர்கள் தங்கி, இடம் பெற்று, அந்த இடத்தைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கும்போதுதான் அது வேர்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சிங்கப்பூரின் மூன்று பகுதிகள் சான்றாகின்றன: தெலுக் ஆயர் தெரு, வாட்டர்லூ தெரு, லிட்டில் இந்தியா. முதல் இரண்டும் வாதத்தை உறுதிசெய்கின்றன. மூன்றாவது அதைச் சோதிக்கிறது.

இரு கரைகள்

தமிழகக் கரைக்கும் சீனாவின் ஃபுஜியான் கரைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. ஃபுஜியானின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே சிவன் கோயில் இருந்ததைச் சொல்கிறது. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துகள் பொறித்த கோபுரம் ஒன்றைப் பற்றி எழுதியுள்ளார். அது நாகப்பட்டினத்தில் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது இத்தொடர்பே நினைவுகூரப்பட்டது. தமிழ்நாட்டுக்கும் ஃபுஜியானுக்கும் இடையே சகோதர மாநில உறவு ஏற்படுத்தவும் இருதரப்பும் இசைந்தன. அடுத்த ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இரு நாட்டு வீரர்களும் மோதினர். கொரோனா காலத்தில் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 வரை திரும்பவில்லை. தலைவர்கள் சந்தித்துப் பெற்றெடுத்த உறவு, தலைநகரங்கள் முகம் திருப்பிக்கொண்டதும் தாங்குவாரின்றி நின்றது. ஆனால் இதே இரு கரைகளும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, எந்த அரசின் ஒப்பந்தமும் இல்லாமல், மூன்றாவதொரு கரையில் சந்தித்திருந்தன.

தெலுக் ஆயரும் வாட்டர்லூவும்

இன்று வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் தெலுக் ஆயர் தெரு, 1880களில் கடல் தூர்க்கப்படும்வரை கடற்கரையாக இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் கால்வைத்த மண் அது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் அங்கே நாகூர் தர்காவை எழுப்பினர். அந்த நிலம் 1827இல் காதர்பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டது. மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு அங்கே கட்டடம் எழுப்பக்கூடாது என்பது நிபந்தனை. பற்றி எரியாத, நின்று நிலைக்கும் கட்டடம் வேண்டும் என்ற அந்த நிபந்தனை, வந்தவரைக் குடியிருப்பவராக ஏற்றதற்கும் அடையாளம். சற்றுத் தள்ளி, ஃபுஜியானிலிருந்து வந்த ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரை தியான் ஹொக் கெங் ஆலயத்தைக் கட்டினர். அங்கே மூலத் தெய்வம் மாலுமிகளைக் காக்கும் மாசூ (Mazu) என்ற கடல் தேவி. நாகூர் ஆண்டவரும் கடலோடிகள் நேர்ந்துகொள்ளும் இறைநேசரே. இரு கூட்டத்தாரும் கடலுக்கு அஞ்சினர். கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஒரே தெருவில் இடம் தேடினர்.

கட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. ஹொக்கியன் ஹுவே குவான் சங்கம் ஆலயத்தை நிர்வகித்ததோடு 1906இல் தாவ் நான் பள்ளியையும் தொடங்கியது. நாகூர் தர்கா 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. ஆலயமும் தர்காவும் 1970களிலேயே தேசிய நினைவுச்சின்னங்களாயின.

வாட்டர்லூ தெருவில் இந்த அண்டைமை இன்னும் நெருக்கமானது. 1870இல் தோன்றிய கிருஷ்ணன் கோயிலும் 1884இல் எழுந்த குவான் இம் ஆலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. குவான் இம் சன்னிதியில் மூங்கில் குவளையைக் குலுக்கிக் குறி பார்த்துவிட்டு வெளியே வரும் சீனப் பாட்டிகள், நேரே வீடு திரும்புவதில்லை. கிருஷ்ணன் கோயில் வாசலில் நின்று, சாடியில் ஊதுவத்தி செருகி, கைகூப்பிவிட்டே நகர்கிறார்கள். வைணவ ஆகமத்தில் இடமில்லாத அந்தச் சாடியைக் கோயிலார் வாசலில் வைத்திருப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அண்டை வீட்டாரின் வழக்கத்துக்காகத் தன் வாசலைச் சற்றே மாற்றிக்கொள்வது எந்தச் சகோதர நகர ஒப்பந்தத்தின் பிரிவிலும் எழுதப்படுவதில்லை.

இரு மறுப்புகள்

இந்த நெருக்கம் நல்லெண்ணத்தால் விளைந்ததல்ல என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டம் சீனருக்கும் சூலியாக்களுக்கும் தனித்தனிக் குடியிருப்புகளை ஒதுக்கியது. சுதந்திர சிங்கப்பூரிலும் அரசு ஒதுங்கி நிற்கவில்லை: வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் இன விகிதத்தை வரையறுக்கும் கொள்கை 1989இல் வந்தது. ஆனால் திட்டம் இரு சமூகங்களை அருகருகே நிறுத்த முடியுமே தவிர, வாசலில் சாடி வைக்கச் சொல்ல முடியாது.

வரம் கேட்டு வருபவருக்கு அடுத்த வீட்டுக்காரரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது இரண்டாவது மறுப்பு. இதுவும் சரியே. வழிபாடு மட்டும் நட்பாகிவிடாது. ஆயினும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம் இரு தரப்புக்கும் கடமைகளை உண்டாக்குகிறது. அக்கடமைகளே நட்பின் முதல்.

லிட்டில் இந்தியா என்ற சோதனை

லிட்டில் இந்தியாவும் கலந்து வளர்ந்த இடம்தான். கெர்பாவ் சாலையில் சீன மிட்டாய் வணிகர் தான் தெங் நியாவின் 1900ஆம் ஆண்டு வீடு இன்றும் நிற்கிறது. ரேஸ் கோர்ஸ் சாலையில் 1917இல் தோன்றிய லியோங் சான் சீ பௌத்த ஆலயம் இருக்கிறது. தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி எடுத்துப் புறப்படுபவர்களில் சீனரையும் காணலாம்.

ஆனால் ஞாயிறு மாலைகளில் இங்கே கூடும் தமிழகத் தொழிலாளர்களின் நிலை வேறு. 2013 டிசம்பர் 8 அன்று பேருந்து மோதித் தமிழகத் தொழிலாளர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக சிங்கப்பூர் காணாத கலவரம் அது. தொழிலாளர்களின் வேலை, தங்குமிட நிலைமைகள் அதற்குக் காரணமல்ல என்றது விசாரணைக் குழு. 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் லிட்டில் இந்தியா சிறப்புக் கட்டுப்பாட்டு வட்டாரமாயிற்று. என் கேள்வி கலவரத்தின் காரணம் பற்றியதல்ல. வேலை அனுமதிச் சீட்டில் வருபவர் மனைவி மக்களை அழைத்து வர முடியாது. அனுமதி முடிந்தால் திரும்பியாக வேண்டும். காதர்பிள்ளைக்கு நிலம் கிடைத்தது. அதே கரையிலிருந்து வரும் இன்றைய தொழிலாளிக்குக் கிடைப்பது தங்குவிடுதியில் ஒரு கட்டில். தங்க முடியாதவரால் சங்கம் அமைக்க முடியாது, பள்ளி தொடங்க முடியாது, அண்டை வீட்டாருக்காக வாசலை மாற்றவும் முடியாது. தமிழகத்தையும் சிங்கப்பூரையும் இன்று மிகுதியாக இணைப்பவர்கள் இவர்களே. ஆனால் நட்பைக் கட்டும் கருவி எதுவும் இவர்கள் கையில் இல்லை.

முடிவு

சகோதர நகர உறவுகள் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அவற்றின் அமைப்பை மாற்ற வேண்டும். தமிழ்நாடு, ஃபுஜியான் உறவு மீண்டும் பேசப்படுமானால் அது தலைநகரங்களிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நாகூர், சுவான்சௌ, தெலுக் ஆயர் என்ற மூன்று துறைகளையும் இணைக்கும், தனி நிதியுள்ள ஓர் அறக்கட்டளையிலிருந்து தொடங்கலாம். சிங்கப்பூரோடு செய்யும் எந்த உடன்பாட்டிலும் அங்கு உழைக்கும் தமிழகத் தொழிலாளர்களின் பிரதிநிதிகளுக்கு இருக்கை வேண்டும்; அவர்கள் சேர்ந்து நடத்தத்தக்க நிலையான இடமும் வேண்டும். இவை இல்லாத ஒப்பந்தம் எத்தனை அழகாக எழுதப்பட்டாலும், அடுத்த எல்லை மோதல் வரையே நீடிக்கும்.