வீட்டு ஹீட்டிங் சிஸ்டம்: பழைய டெம்பரேச்சர் சென்சாரை எப்போது மாற்றணும்? கவனிக்க வேண்டியவை என்ன?

நமக்கு இங்கே ஏசி ஓடவில்லை என்றால் புழுக்கம். தூக்கம் கெடும், அவ்வளவுதான். ஆனால் கனடா, பிரிட்டன், ஜெர்மனி, நார்வே போன்ற நாடுகளில் வசிக்கும் நம்மவர்களுக்கு ஜனவரி மாதத்தில் ஹீட்டிங் நின்றுபோனால் அது உயிர்ப் பிரச்னை. உலக சுகாதார அமைப்பு 2018-ல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்துள்ளது. முதியவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

இப்போது பல வீடுகளில் ஹீட்டிங்கை 'ஹோம் ஆட்டோமேஷன்' முறையில் இயக்குகிறார்கள். எந்த அறையில் எத்தனை டிகிரி என்று சென்சார் சொல்லும். அதை வைத்து பாய்லரையோ ரேடியேட்டரையோ கம்ப்யூட்டர் இயக்கும். பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன்பு பொருத்திய சென்சார்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படி மாற்றுவது? பார்க்கலாம்.

சென்சார் கெட்டால் என்ன ஆகும்?

சென்சார் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, அடியோடு செத்துப்போவது. இன்னொன்று, தப்பாகச் சொல்வது. இரண்டாவதுதான் ஆபத்து.

உதாரணத்துக்கு, பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் சென்சார் ஒன்று கடைசியாக 22 டிகிரி என்று தகவல் அனுப்பிவிட்டு பேட்டரி தீர்ந்து நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிஸ்டத்தின் நினைவில் அந்த 22 அப்படியே இருக்கும். 'அறை நல்லா சூடாத்தானே இருக்கு' என்று நினைத்து ஹீட்டிங்கை அது ஆன் செய்யவே செய்யாது. செல்போன் திரையிலும் 22 என்றே காட்டும். அறை மட்டும் குளிர்ந்துகொண்டே போகும்.

வீட்டில் ஆள் இருந்தால் தெரிந்துவிடும். ஊருக்குப் போயிருந்தால்? தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். குழாய்க்குள் பனிக்கட்டி உண்டானால் அழுத்தம் ஏறி குழாய் வெடிக்கும். பனி உருகும்போது வீடெல்லாம் வெள்ளம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கம்பி அறுந்த சென்சாரை 'கடுங்குளிர்' என்று சிஸ்டம் புரிந்துகொண்டால், ஹீட்டிங் நிற்காமல் ஓடும். கேஸ் பில், கரண்ட் பில் எகிறும்.

என்னென்ன வகை சென்சார்கள் இருக்கின்றன?

வீடுகளில் அதிகம் காணப்படுபவை இவை:

• என்டிசி தெர்மிஸ்டர்: வெப்பம் கூடக் கூட இதன் மின்தடை குறையும். 25 டிகிரியில் 10 ஆயிரம் ஓம் காட்டும் ரகம் மிகவும் சகஜம். அதே சென்சார் 0 டிகிரியில் சுமார் 30 ஆயிரம் ஓம் காட்டும்.

• பிடி1000: பிளாட்டினத்தால் ஆனது. 0 டிகிரியில் 1,000 ஓம், 100 டிகிரியில் சுமார் 1,385 ஓம். என்டிசிக்கு நேர் எதிராக, வெப்பம் கூடினால் தடையும் கூடும்.

• டிஎஸ்18பி20: டிஜிட்டல் வகை. சொந்தமாக ஆட்டோமேஷன் செய்பவர்களுக்கு மிகவும் பிடித்தது. மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை அளக்கும். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அதன் துல்லியம் அரை டிகிரிக்குள். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு.

• வயர்லெஸ் வகை: ஜிக்பீ, இசட்-வேவ், புளூடூத் போன்ற முறைகளில் தகவல் அனுப்பும். பெரும்பாலும் பேட்டரியில் ஓடும்.

பழசு சரியாக இருக்கிறதா? சோதிப்பது எப்படி?

முதல் வழி ரொம்ப சுலபம். நம்பகமான தெர்மாமீட்டர் ஒன்றை சென்சாருக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். காலையில் ஒரு முறை, ஹீட்டிங் ஓடும்போது ஒரு முறை என்று பார்ப்பது நல்லது.

நீர் புகாத உறை உள்ள சென்சார் என்றால் ஐஸ் சோதனை செய்யலாம். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் அந்தக் கலவை 0 டிகிரிக்கு வந்துவிடும். டம்ளரின் ஓரத்தில் படாமல் சென்சாரை நடுவில் வையுங்கள். 0-க்கு அருகில் காட்டினால் சரி.

எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் இருந்தால், உதாரணமாக எல்லா நேரத்திலும் 1 டிகிரி கூடுதலாகக் காட்டினால், மென்பொருளில் அந்த 1 டிகிரியைக் கழிக்கச் சொல்லிவிடலாம். சென்சாரை மாற்றத் தேவையில்லை. ஆனால் காலையில் 1 டிகிரி, மாலையில் 3 டிகிரி என்று வித்தியாசம் மாறிக்கொண்டே இருந்தால் மாற்றுவதுதான் சரி.

85, மைனஸ் 127 என்று காட்டுகிறதே, ஏன்?

டிஎஸ்18பி20 வைத்திருப்பவர்கள் அடிக்கடி பார்க்கும் எண்கள் இவை. மின்சாரம் வந்தவுடன் அந்த சென்சாரின் நினைவகத்தில் இருக்கும் தொடக்க எண்ணே 85தான். இது உண்மையான வெப்பநிலை அல்ல. அளந்து முடிப்பதற்குள் படித்துவிட்டாலோ, மின்சாரம் விட்டுவிட்டு வந்தாலோ 85 வரும். முழுத் துல்லியத்தில் ஒரு முறை அளக்க அதற்கு 750 மில்லி விநாடி வரை ஆகும். மைனஸ் 127 என்பது, சென்சாருடன் தொடர்பே இல்லை என்று சொல்ல மென்பொருள் காட்டும் எண்.

படுக்கையறையில் 85 என்று காட்டினால் தப்பு என்று உடனே புரியும். ஆனால் பாய்லரிலிருந்து வரும் குழாயில் 85 டிகிரி என்பது நம்பக்கூடிய எண். அங்கேதான் ஏமாந்துவிடுவோம். சட்டென்று 60-லிருந்து 85-க்குத் தாவி, உடனே 60-க்குத் திரும்பினால் அது கோளாறு. இந்த மாதிரி நேரத்தில் சென்சாரை மாற்றும் முன் கேபிள், இணைப்பு, 4,700 ஓம் ரெசிஸ்டர் ஆகியவற்றைச் சரிபாருங்கள். பல நேரம் சென்சார் நன்றாகவே இருக்கும். துருப்பிடித்த இணைப்புதான் காரணமாக இருக்கும்.

'10கே'யும் '12கே'யும் ஒன்றா?

ஒன்றில்லை. தரைக்கு அடியில் ஹீட்டிங் உள்ள வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இதுதான். அங்கே தரைக்குள் இருக்கும் சென்சார் பெரும்பாலும் என்டிசி வகை. அதில் 10, 12, 15 ஆயிரம் ஓம் என்று பல ரகங்கள் உண்டு. பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

12 ஆயிரம் ஓம் எதிர்பார்க்கும் தெர்மோஸ்டாட்டில் 10 ஆயிரம் ஓம் சென்சாரை மாட்டினால், தரை 25 டிகிரியில் இருக்கும்போது அது சுமார் 29 என்று காட்டும். வீடு சூடாகவே ஆகாது. மாற்றி மாட்டினால், 25 டிகிரித் தரையை சுமார் 21 என்று நினைத்து மேலும் மேலும் சூடாக்கும். ஆட்கள் நடமாடும் பகுதியில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய தரநிர்ணயம். அதை மீறினால் மரத்தரை விரிசல் விடலாம்.

எனவே கடைக்குப் போகும் முன் தெர்மோஸ்டாட் மாடல் எண்ணையும், அது கேட்கும் சென்சார் ரகத்தையும் கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது என்ன செய்யணும்?

1. மெயின் சுவிட்சை அணையுங்கள். வட அமெரிக்காவில் ஃபர்னஸ் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 24 வோல்ட். ஆனால் சுவரோர எலெக்ட்ரிக் ஹீட்டருக்கான தெர்மோஸ்டாட்டில் 240 வோல்ட் இருக்கும். இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கை வைக்கக் கூடாது.

2. கழற்றும் முன் போட்டோ எடுங்கள். எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்று தெரியணும்.

3. ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எட்டு சென்சாரையும் ஒரே நாளில் கழற்றினால், எந்த அடையாள எண் எந்த அறை என்று குழம்பிவிடும். ஒன்றை மாட்டி, சிஸ்டத்தில் பெயர் கொடுத்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள். ஒன்றைக் கையால் பிடித்துச் சூடாக்கினால் எந்த எண் ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

4. இடம் முக்கியம். தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், உள்பக்கச் சுவரில் வையுங்கள். வெயில் படும் இடம், ரேடியேட்டருக்கு மேலே, வாசல் கதவு ஓரம், டிவிக்குப் பின்னால் இதெல்லாம் வேண்டாம்.

5. முடிந்தால் இரண்டு நாள் பழசும் புதுசும் சேர்ந்து ஓடட்டும். இரண்டின் அளவையும் ஒப்பிட்டுவிட்டு பழசைக் கழற்றலாம்.

ஊரிலிருந்து அல்லது வேறு நாட்டிலிருந்து வாங்கி அனுப்பும்போதும் கவனம் தேவை. ஜிக்பீ உலகம் முழுக்க 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். ஆனால் இசட்-வேவ் அலைவரிசை ஐரோப்பாவில் வேறு, வட அமெரிக்காவில் வேறு. லண்டனில் வாங்கியது டொராண்டோவில் பேசாது.

எதை நாமே தொடக் கூடாது?

கேஸ் பாய்லரின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சென்சாரை நீங்களே மாற்றக் கூடாது. பிரிட்டனில் கேஸ் சாதன வேலைகளை 'கேஸ் சேஃப்' பதிவு பெற்ற டெக்னீஷியன்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். கார்பன் மோனாக்சைடு கசிந்தால் வாசனையே தெரியாது.

மிகப் பழைய வட்ட வடிவ சுவர் தெர்மோஸ்டாட்கள் சிலவற்றில் கண்ணாடிக் குப்பிக்குள் பாதரசம் இருக்கும். அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல், உள்ளூர் நிர்வாகத்தின் அபாயக் கழிவு மையத்தில் கொடுக்கணும்.

புது சென்சார் போட்டாச்சு. இனி கவலை இல்லையா?

முக்கியமான வேலை இனிமேல்தான். 'இந்த சென்சார் ஒரு மணி நேரமாகப் பேசவில்லை என்றால் அதை நம்பாதே' என்று சிஸ்டத்துக்குச் சொல்லி வைக்கணும். அப்போது போனுக்கு எச்சரிக்கை வரணும். வேறொரு அறையின் சென்சாரை வைத்து ஹீட்டிங் ஓடணும். இவற்றுடன், கம்ப்யூட்டரை நம்பாத சாதாரண தெர்மோஸ்டாட் ஒன்றும் இருக்கட்டும். வீடு 5 டிகிரிக்கு இறங்கினால் அது தானாகவே பாய்லரை ஆன் செய்யும்படி அமைக்கலாம்.

நிறுவனத்தின் சர்வரை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. கூகுள் நிறுவனம் 2011, 2012 மாடல் நெஸ்ட் தெர்மோஸ்டாட்களுக்கான ஆதரவை 2025 அக்டோபர் 25-ல் நிறுத்தியது. சுவரில் கையால் இயக்கலாம். செல்போன் ஆப் வழியாக முடியாது. எனவே வாங்கும்போதே 'இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடுமா?' என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. எல்லாம் பொருத்திய பிறகு, ஒரு சென்சாரின் பேட்டரியை வேண்டுமென்றே கழற்றிப் பாருங்கள். எச்சரிக்கை வருகிறதா? ஹீட்டிங் என்ன செய்கிறது? இதைப் பனி கொட்டும் ஜனவரியில் செய்யாதீர்கள், செப்டம்பரிலேயே செய்துவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

ஹீட்டிங் கட்டுப்பாடு வீட்டு உரிமையாளர் கையில் இருந்தால், சென்சாரில் நீங்கள் கை வைக்க வேண்டாம். டொராண்டோ நகர விதிப்படி, அப்படிப்பட்ட வாடகை வீடுகளில் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி வெப்பத்தை உரிமையாளர் உறுதி செய்யணும். தனித் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்து, தேதி, நேரத்துடன் அளவைக் குறித்து வையுங்கள். முதலில் உரிமையாளரிடம் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால் 311 என்ற எண்ணில் நகர நிர்வாகத்திடம் புகார் செய்யலாம். சுவரில் இருக்கும் திரை எத்தனை டிகிரி காட்டினாலும், உங்களிடம் இருக்கும் அந்தக் குறிப்புதான் அப்போது கை கொடுக்கும்.