ஷுசென்ஜி: ஒரு தாய் கட்டிய மண்டபம்

மிஷிமாவில் புல்லட் ரயிலை விட்டு இறங்கி, அதே நிலையத்தின் ஓரத்தில் நிற்கும் சின்ன ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் ஷுசென்ஜி வந்துவிடும். தூரம் 20 கிலோமீட்டர்கூட இல்லை. 1924-இல்தான் இந்தப் பாதை ஷுசென்ஜி வரை வந்தது. பிப்ரவரி கடைசி வாரம். ஜன்னலுக்கு வெளியே காய்ந்த வயல்கள், நடுநடுவே பசுமைக்குடில்கள், பின்னால் ஃபூஜி. யோகோஹாமாவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் கூட வந்திருந்தான். அவனுக்கு வெந்நீர் ஊற்று போதும். நான் ஒரு கொலையைத் தேடி வந்திருந்தேன்.

வழியில் நிராயாமா என்றொரு நிலையம். பெரும்பாலோர் இறங்குவதில்லை. ஆனால் ஜப்பானின் எழுநூறு ஆண்டு சாமுராய் ஆட்சி ஒருவகையில் இங்கேதான் முளைவிட்டது. 1160-இல், தோற்றுப்போன மினாமோத்தோ குடும்பத்தின் பதின்மூன்று வயதுப் பையன் யோரிதோமோவை எதிரிகள் கொல்லாமல் இசு தீபகற்பத்துக்கு நாடு கடத்தினார்கள். அன்றைக்கு இசு என்றாலே தண்டனைத் தீவு மாதிரிதான். தலைநகர் கியோட்டோவிலிருந்து அவ்வளவு தூரம். இருபது ஆண்டுகள் அவன் இங்கே கிடந்தான். அவனைக் கண்காணித்தவர்களில் ஒருவர் உள்ளூர்ப் பிரபு ஹோஜோ தோகிமாசா. காவலாளியின் மகள் மசாகோ கைதியைக் கல்யாணம் செய்துகொண்டாள், அப்பாவின் விருப்பத்தை மீறி. 1180-இல் யோரிதோமோ படை திரட்டினான். 1192-இல் ஷோகன் ஆனான். தலைநகரம் காமகுரா.

ஆக மசாகோ இந்த ஊர்ப் பெண். இந்த ரயில் ஓடும் சமவெளிதான் அவளுடைய பிறந்தகம். ஷுசென்ஜியில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் ஒரு சிறு ஆற்றின் இருகரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்சுரா என்று பெயர். அதன் மேல் சிவப்புச் சாயம் பூசிய பாலங்கள், கரையோரம் ஒரு மூங்கில் தோப்பு, விடுதி தந்த பருத்தி யுகாத்தாவும் மரச்செருப்புமாக டக் டக்கென்று நடக்கும் ஜோடிகள். ஆற்றின் நடுவே பாறை மேல் ஒரு மரக்கூரை, அதன் கீழே ஆவி பறக்கும் குட்டை. பெயர் தொக்கோ-நோ-யு.

"மாமா, இதுல குளிக்க முடியாது. சும்மா பாக்கத்தான்," என்றான் பையன், கையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டே.

807-இல் கூக்காய் என்ற துறவி இங்கே வந்தார் என்பது மரபு. குளிர்ந்த ஆற்றுநீரில் நோயாளித் தந்தையின் உடலைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு சிறுவனைப் பார்த்து இரங்கி, கையிலிருந்த தொக்கோவால் பாறையில் குத்த, வெந்நீர் பீறிட்டதாம். தொக்கோ என்பது ஒற்றை முனை வச்சிரம். நம் இந்திரன் கையில் இருக்கும் அதே வச்சிராயுதம்தான், பௌத்தத் தாந்திரிகம் வழியே சீனா போய், கடல் கடந்து, இந்த ஆற்றங்கரைக்கு வந்திருக்கிறது.

கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜப்பானில் கூக்காய் தோண்டியதாகச் சொல்லப்படும் ஊற்றுகள் ஏராளம். ஆனால் வச்சிரம் வந்த வழி வரலாறுதான். கூக்காய் 804-இல் சீனத் தலைநகர் சாங்கானுக்குப் போய் ஹுய்குவோ என்ற குருவிடம் தீட்சை பெற்றார். ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி. இந்த வஜ்ரபோதி தென்னிந்தியர். காஞ்சியின் பல்லவ அரசனோடு தொடர்புடையவர் என்று சீன வரலாறுகள் சொல்கின்றன. கடல்வழியாகச் சீனா போய், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மந்திர மார்க்கத்தைப் பரப்பினார். கூக்காய் நிறுவிய ஷிங்கோன் பிரிவு இன்றும் அவரைத் தன் குருபரம்பரையில் ஐந்தாமவராக வைத்து வணங்குகிறது.

இதைச் சொன்னதும் பையன் குட்டையை இன்னொரு தடவை பார்த்தான். "அப்ப காஞ்சிபுரம் கனெக்‌ஷன்னு சொல்லுங்க."

அப்படித்தான்.

ஆற்றிலிருந்து படியேறினால் கோவில். இங்கே ஒரு வேடிக்கை. ஊர்ப் பெயரையும் கோவில் பெயரையும் காதால் கேட்டால் வித்தியாசம் தெரியாது. எழுதும்போது, ஊரின் நடு எழுத்துக்கு 'நன்மை' என்று பொருள். கோவிலின் நடு எழுத்துக்கு 'ஜென்'. ஷிங்கோன் கோவிலாகத் தொடங்கி, பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீனத் துறவி லான்ஷி தாவோலோங் வந்தபின் ரின்சாய் ஜென்னாகி, பதினைந்தாம் நூற்றாண்டில் சோட்டோ ஜென்னுக்கு மாறியது. இப்போதுள்ள பிரதான மண்டபம், 1863 தீவிபத்துக்குப் பிறகு 1883-இல் கட்டியது.

கைதிகளை வைக்க வசதியான இடமாகவும் இது இருந்திருக்கிறது. 1193-இல் யோரிதோமோ வேட்டைக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டான் என்று வதந்தி வந்தபோது, தம்பி நோரியோரி மசாகோவிடம், "நான் இருக்கிறேன், கவலை வேண்டாம்" என்று ஆறுதல் சொன்னானாம். வதந்தி பொய்யாகிப் போனது. ஆறுதல் குற்றமாகிப் போனது. ஆட்சிக்கு ஆசைப்படுகிறான் என்று இங்கே அனுப்பினார்கள். அவன் கல்லறை ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1299-இல், சீனாவின் யுவான் அரசு அனுப்பிய துறவி யிஷான் யினிங்கை ஒற்றன் என்று சந்தேகப்பட்டு, அவரையும் கொஞ்ச காலம் இதே கோவிலில்தான் அடைத்துவைத்தார்கள்.

ஆனால் ஊர் மறக்காத கைதி ஒருவன்தான். யோரியே. யோரிதோமோ, மசாகோவின் மூத்த மகன்.

1199-இல் அப்பா திடீரென்று இறந்தபோது யோரியேவுக்குப் பதினாறு வயது. சில மாதங்களிலேயே பதின்மூன்று மூத்த பிரபுக்கள் கொண்ட குழு ஒன்றை அமைத்து அவன் கையைக் கட்டிப்போட்டார்கள். குழுவில் தாத்தா தோகிமாசா உண்டு. மாமன் யோஷிதோகியும் உண்டு. யோரியே தன் மனைவியின் குடும்பமான ஹிகியின் பக்கம் சாய்ந்தான். மாமியார் வீடா, அம்மா வீடா என்ற பழைய சண்டைதான். என்ன, இங்கே பந்தயம் ஒரு நாடு.

1203-இல் அவன் கடும் நோயில் விழுந்தான். அடுத்து நடந்ததற்கு முக்கிய ஆதாரம் 'அசுமா ககாமி' என்ற நாளேடு. படுக்கையிலிருந்த யோரியேவும் மாமனார் ஹிகி யோஷிகாசுவும் ஹோஜோக்களை ஒழிக்கப் பேசினார்கள். காகிதக் கதவுக்குப் பின்னாலிருந்து மசாகோ அதைக் கேட்டாள். உடனே தன் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள் என்கிறது அது. அன்றே ஹிகி குடும்பம் அழிக்கப்பட்டது. யோரியேவின் ஆறு வயது மகனும் தீயில் மாண்டான் என்பது அந்நூலின் கணக்கு.

இந்த நாளேட்டை அப்படியே நம்பவும் முடியாது. தொகுத்ததே நூறு ஆண்டுகள் கழித்து, ஹோஜோக்களின் ஆட்சியில். ஜெயித்தவர்கள் எழுதிவைத்த டைரி. கியோட்டோவில் அதே காலத்தில் எழுதப்பட்ட பிரபுக்களின் குறிப்புகளில் வேறொரு செய்தி இருக்கிறது: யோரியே இறந்துவிட்டான், தம்பியை ஷோகனாக நியமியுங்கள் என்று காமகுராவிலிருந்து தூதன் வந்தான். அப்போது யோரியே உயிரோடு இருந்தான்! நோய் தெளிந்து எழுந்துவேறு உட்கார்ந்துவிட்டான். செத்துவிட்டதாக அறிவித்த ஆள் எழுந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? மொட்டையடித்துத் துறவியாக்கி ஷுசென்ஜிக்கு அனுப்பினார்கள்.

இங்கிருந்து அவன் எழுதிய ஒரு கடிதம் பற்றி அதே நாளேடு சொல்கிறது. அம்மாவுக்கும் தம்பிக்கும் எழுதியது. ஆழ்ந்த மலைக்குள் தனிமை தாங்க முடியவில்லை. முன்பு என்னிடம் இருந்த பணியாட்களை வர விடுங்கள் என்று கேட்டிருந்தான். பழைய பகையாளி ஒருவரைத் தண்டிக்கத் தன்னிடம் ஒப்படைக்கும்படியும் கேட்டிருந்தான்; சிறையிலும் வீம்பு போகவில்லை. பதில் போயிற்று: எதுவும் கிடையாது, இனிக் கடிதமும் எழுதக் கூடாது. பதிலைக் கொண்டுபோன ஆள் திரும்பி வந்து மகன் இருக்கும் நிலையைச் சொன்னபோது மசாகோ மிகவும் வருந்தினாள் என்றும் எழுதியிருக்கிறது.

வருந்தினாள். ஆனால் ஆட்களை அனுப்பவில்லை.

1204 ஆகஸ்டில் யோரியே இறந்தான். இருபத்திரண்டு வயது நிறையவில்லை. 'அசுமா ககாமி' இறப்புச் செய்தி வந்ததை மட்டும் பதிந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. ஜியென் என்ற கியோட்டோத் துறவி சில ஆண்டுகளில் எழுதிய 'குகான்ஷோ'வில்தான் விவரம் வருகிறது: ஆளை எளிதில் அடக்க முடியாமல் கழுத்தில் கயிறு போட்டு முடித்தார்கள். குளித்துக்கொண்டிருந்தபோது கொன்றார்கள் என்பது ஊர்க்கதை. அந்தக் குளியலறையின் பெயரில், ஹாகோயு, ஒரு பொதுக் குளியலகம் இப்போது இருக்கிறது. தொட்டியில் அரக்குச் சாறு கலந்து அவன் முகத்தை வீங்கவைத்தார்கள் என்றும் சொல்வார்கள். அந்த முகத்தைக் காட்டுவதாகச் சொல்லப்படும் மர முகமூடி கோவிலில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஒகாமோத்தோ கிடோ 'ஷுசென்ஜி மோனோகதாரி' நாடகத்தை எழுதினார், 1911-இல் மேடையேறியது. யோரியேவின் முகத்தை எத்தனை தடவை செதுக்கினாலும் அதில் சாவு தெரிகிறது என்று தவிக்கும் ஒரு முகமூடிச் சிற்பியின் கதை.

ஆற்றுக்கு அக்கரையில், சரிவில் கொஞ்சம் ஏறினால் அந்த மண்டபம். ஷிகெட்சுதென். சாயம் இல்லை, தங்கம் இல்லை. வெயிலும் மழையும் தின்ற மரம். இசுவிலேயே பழைய மரக்கட்டடம் என்கிறார்கள். மகன் ஆன்மா சாந்தியடைய மசாகோ கட்டியது. உள்ளே வைக்க, சீனாவில் சோங் காலத்தில் அச்சிட்ட பௌத்த நூல் தொகுதியை ஆயிரக்கணக்கான சுருள்களாகக் கொடுத்தாள். அவற்றில் பெரும்பகுதி பிற்காலத்தில் காணாமல் போயிற்று. மண்டபத்தின் பெயருக்கு 'நிலவைச் சுட்டும் விரல்' என்று பொருள். நூல்கள் விரல்தான், நிலவு வேறு என்பது ஜென்காரர்கள் அடிக்கடி சொல்வது.

உள்ளே இரண்டு மீட்டர் உயரத்தில் அமர்ந்த சாக்கிய முனி. கையில் தாமரை. சாக்கிய முனி பொதுவாகக் கையில் எதையும் பிடிப்பதில்லை, இவர் பிடித்திருக்கிறார். மண்டபத்துக்குப் பக்கத்தில் யோரியேவின் கல்லறை. முன்னால் நிற்கும் பெரிய கல் ஐந்நூறாவது நினைவாண்டையொட்டி ஊர்க்கோவில் துறவி நட்டது. அதற்குப் பின்னால் ஒளிந்தாற்போல் இருக்கும் குட்டைக் கற்கள்தான் பழையவை. இன்னும் தள்ளி, அவனுக்காகச் செத்ததாகச் சொல்லப்படும் பதின்மூன்று வீரர்களின் கற்கள்.

"அந்தம்மா நெஜமாவே அழுதிருப்பாங்களா மாமா? இல்ல ஊருக்காகக் கட்டினதா?"

எனக்கும் அதே கேள்விதான். அன்றைய ஜப்பானில், அநியாயமாகச் செத்தவர்களின் ஆவி பழிவாங்கும் என்ற பயம் நிஜமானது; அதைத் தணிக்கக் கோவில் கட்டுவது அரசியலும்தான். மசாகோ அரசியல் தெரியாதவள் அல்ல. மறு ஆண்டே, சொந்த அப்பா தோகிமாசா எல்லை மீறியபோது, தம்பியோடு சேர்ந்து அவரையும் இசுவுக்கு நாடு கடத்தினாள். ஆனால் கணக்கைப் பாருங்கள். மகள்கள் இருவரும் அதற்கு முன்பே இறந்திருந்தார்கள். 1219-இல் இளைய மகன் சானேதோமோவை, காமகுராவின் ஹாச்சிமான் கோவில் படிகளில், ஒரு இளம் துறவி வெட்டிக் கொன்றான். அந்தத் துறவி குக்யோ, யோரியேவின் மகன். அப்பனுக்குப் பழி. மசாகோவின் பேரன் அவளுடைய மகனைக் கொன்றான். அதற்காக அவனும் கொல்லப்பட்டான். நாலு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு 1225 வரை அவள் உயிரோடு இருந்தாள், ஆட்சியைக் கையில் வைத்துக்கொண்டு.

கோவிலின் மூலவர் மகாவைரோசனர். 1210-இல் ஜிக்கெய் என்ற சிற்பி செய்தது. பிற்காலத்தில் பழுதுபார்க்கப் பிரித்தபோது, சிலையின் வயிற்றுக்குள் தலைமுடி இருந்தது. யோரியேவின் துணைவியருள் ஒருத்தியுடையது என்பார்கள் சிலர். மசாகோவுடையது என்பார்கள் சிலர். யாருடையதாக இருந்தாலும், ஊருக்குக் காட்டுவதற்காக வைத்ததில்லை. எண்ணூறு ஆண்டுகளாக அதை யாரும் பார்க்கவேயில்லை. பையனின் கேள்விக்கு என்னிடமுள்ள பதில் இவ்வளவுதான்.

மறுநாள் காலை மேட்டிலிருக்கும் உமே தோப்புக்குப் போனோம். ப்ளம் மாதிரி மரம். செர்ரிக்கு முன்பே, குளிர் விடுவதற்குள் பூத்துவிடும். வெள்ளையும் சிவப்புமாக ஆயிரம் மரங்கள், கிளைகளுக்கிடையில் ஃபூஜி. ஜப்பானின் மிகப் பழைய பாடல் தொகையில் செர்ரியைவிட உமேயைப் பாடியவைதான் அதிகம். இந்த ஊரில் நட்சுமே சோசெகிக்கு ஒரு கவிதைக்கல் உண்டு. 1910 ஆகஸ்டில் வயிற்றுப்புண்ணுக்கு ஓய்வெடுக்க இந்த ஊருக்கு வந்தவர், கிகுயா விடுதியில் நிறைய ரத்தம் கக்கி அரைமணி நேரம் நினைவற்றுக் கிடந்தார். பிழைத்தார். அந்த அரைமணிக்குப் பிறகு அவர் எழுத்தே மாறியது என்பது ஜப்பானிய விமரிசகர்களின் பழைய வாதம்.

தோப்பில் பாதிப் பேர் எழுபது தாண்டியவர்கள். இளைஞர்கள் மிஷிமாவுக்கும் தோக்கியோவுக்கும் போய்விடுகிறார்கள். 2004-இல் நாலு சிற்றூர்களைச் சேர்த்து இசு நகரம் என்று ஆக்கியும் மக்கள்தொகை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இருப்பவர்களுக்கு விடுதி, காளான், வசாபி. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த மலைக்கு வந்த வசாபி, கல் அடுக்கிய படிவயல்களில் ஓயாமல் ஓடும் தெளிந்த நீரில் வளர்கிறது. தண்ணீர் நின்றால் செடி அழுகிவிடும்.

அந்தத் தண்ணீர் கொல்லவும் செய்தது. 1958 செப்டம்பர் 26 இரவு வந்த புயலில் கானோ ஆறு பெருகி, அடித்துவந்த மரங்கள் ஷுசென்ஜி பாலத்தில் அடைத்து அணைபோல் தேங்கி, பாலம் உடைந்தபோது கீழே இருந்த குடியிருப்பு மொத்தமாகப் போயிற்று. அந்தப் புயலில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்துக்கு மேல். தொக்கோ-நோ-யுவைக்கூட வெள்ளத்துக்குத் தடையாக இருக்கிறதென்று 2009-இல் சற்றுக் கீழே நகர்த்தியிருக்கிறார்கள். கூக்காய் குத்திய பாறைதான். ஆனாலும் வெள்ளம் வந்தால் ஊர் பிழைக்க வேண்டாமா?

ரயிலுக்கு நேரமிருந்தது. தாத்தா ஒருவர் ஷிகெட்சுதென்னின் முன்வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஜூலையில் யோரியேவுக்கு விழா எடுப்போம், அப்போது வாருங்கள் என்று சொன்னதாகப் பையன் மொழிபெயர்த்தான். எண்ணூறு ஆண்டுக்கு முன் ஆள் கேட்டு எழுதியவனுக்கு இப்போது ஊரே ஆளாக நிற்கிறது.

கீழே இறங்கும்போது பையன் போனை எடுத்து நேரம் பார்த்தான். இந்தியாவில் அப்போது காலை ஏழு. "அம்மா எந்திரிச்சிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் பாலத்தில் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டான். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.