நஷ்டக் கணக்கு எழுதிய விருதுநகர்க்காரர்

மல்லி, மிளகாய் வத்தல், துவரம்பருப்பு, நல்லெண்ணெய்... பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' பார்த்திருப்பீர்கள். அந்த ஊருக்கு மூச்சே வியாபாரம்தான்.

பக்கத்து ஊர் சிவகாசி இன்னும் ஒரு படி மேலே. மழையை நம்பி விவசாயம் பார்க்க முடியாத வறண்ட பூமி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஈரமில்லாத காற்று, சுள்ளென்ற வெயில். குச்சியும் மருந்தும் காய வேறென்ன வேண்டும்? பயிரைக் கருக்கிய வெயிலையே முதலாகப் போட்டு லாபம் பார்த்த மண் அது!

அதே வெயிலை நஷ்டக் கணக்கில் எழுதினார் ஒரு விருதுநகர்க்காரர். டைரக்டர் வசந்தபாலன்.

ஷங்கரிடம் உதவி இயக்குநராக இருந்தவர். குருவின் படங்களில் பிரமாண்டம் கொடிகட்டிப் பறக்கும். சிஷ்யரோ சொந்த ஊர்த் தெருவுக்குத் திரும்பினார். முதல் படம் 'ஆல்பம்' கைகொடுக்கவில்லை. அடுத்தது, 2006-ல் 'வெயில்'. தயாரித்தவர் யார் தெரியுமா? அதே ஷங்கர்!

ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமா பார்த்த பையனை, அப்பா துணியில்லாமல் வெயிலில் கட்டிப்போடுகிறார். அவமானம் தாங்காமல் ஓடிப்போகிறவன், ஒரு தியேட்டரில் ஒண்டிக்கொள்கிறான். அந்தப் பிழைப்பும் போய், பல வருஷம் கழித்து வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். ஊரில் தொழில் நடத்தும் தம்பியின் கதையாகவே எடுத்திருக்கலாம். வசந்தபாலன், தோற்றுப்போன அண்ணன் பக்கம் நின்றார். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. 2007-ல் கான் திரைப்பட விழாவிலும் திரையிட்டார்கள்.

அதன் பிறகும் பாதை மாறவில்லை. 'அங்காடித் தெரு' (2010), ஜவுளிக்கடையில் கால்கடுக்க நிற்கும் பிள்ளைகளின் கதை. வசனம் ஜெயமோகன். 'அரவான்' (2012), சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலில் இருந்து பிறந்தது. இலக்கியத்தோடு அவருக்கு அப்படியொரு ஒட்டு. 'ஜெயில்' (2021), நகரத்துக்கு வெளியே தூக்கிப் போடப்பட்ட குடிசைவாசிகளைப் பற்றியது.

சரி, தோற்றவர்களின் கதைக்கு யார் முதல் போடுவார்கள்? விருதுநகரில் கூடப் படித்த சிநேகிதர்கள்தான்! அவர்களோடு சேர்ந்து 'அர்பன் பாய்ஸ் ஸ்டூடியோஸ்' தொடங்கி, 'அநீதி' (2023) எடுத்தார். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன்தான் நாயகன்.

நான் பி.காம். படித்தவன். பற்று இல்லாமல் வரவு கிடையாது என்பது அங்கே பாலபாடம். விருதுநகரின் வரவை மார்க்கெட் நிலவரத்தில் பார்த்துக்கொள்ளலாம். பற்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியவேண்டுமா? 'வெயில்' படத்தை இன்னொரு தரம் பாருங்கள்.